மகளுக்குப் பெரிய கம்பனியில் வேலை: அனுப்பலாமா?



இம்மாதத் தபாலில் வவுனியா, நெளுக்குளத்திலிருந்து ஒரு தாயின் கடிதம் வந்திருந்தது. நான்கு பக்கங்கள். மூன்றரைப் பக்கம் வரை குடும்பக் கதை. கேள்வி கடைசி ஐந்தாறு வரிகளில்தான் இருந்தது. ஆனால் அந்தக் கதையை விட்டுவிட்டுக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. எனவே அவரது சம்மதத்துடன் இரண்டையும் சுருக்கமாக உங்கள் முன் வைக்கின்றோம்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் தமது ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டபோது இந்தச் சகோதரிக்குப் பத்து வயது. முல்லைத்தீவு மாவட்டத்தின் தண்ணீரூற்றில் வாப்பாவுக்குப் பலசரக்குக் கடை. கடையும் போயிற்று, வீடும் போயிற்று. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்த காலத்தில் வாப்பாவால் மீண்டும் கடை போட முடியவில்லை. கையில் முதல் இல்லை. கடன் கொடுப்பாரும் இல்லை. உம்மாவுக்குத் தையல் தெரியும். யாரோ இரவலாகக் கொடுத்த ஒரு கை மெசினில் சட்டை, பாவாடை, பள்ளிக்கூடச் சீருடை என்று தைத்துத்தான் ஐந்து பிள்ளைகளையும் வளர்த்தெடுத்தார். சகோதரி பின்னர் திருமணமாகி வவுனியாவுக்கு வந்தார். இன்று நெளுக்குளத்தில் சொந்தக் காணியில் சிறிய வீடு. கணவர் சிறு வியாபாரி.

அவரது மூத்த மகள் இப்போது பட்டதாரி. வீட்டிலிருந்து மன்னார் வீதியால் சிறிது தூரம் பஸ்ஸில் போனால் பம்பைமடு. 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகம் அங்குதான் இருக்கின்றது. மகள் அங்கே தகவல் தொழில்நுட்பம் படித்தார். இன்று அவரது மேசையில் இரண்டு நியமனக் கடிதங்கள் உள்ளன. ஒன்று கொழும்பில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் ஒரு மென்பொருள் கம்பனியினுடையது, வாடிக்கையாளர்கள் அமெரிக்காவில். மற்றையது வவுனியா நகரில் எட்டுப் பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய நிறுவனத்தினுடையது. அவர்கள் கடைகளுக்குக் கணக்கு மென்பொருளும் இணையத்தளங்களும் செய்து கொடுக்கின்றனர். சம்பளம் அதில் பாதிதான். இவற்றுக்கு நடுவில் பெரிய வாப்பா ஒருவர் வந்து, "இரண்டும் வேண்டாம், அரசாங்க நியமனம் வரும்வரை பிள்ளை வீட்டில் இருக்கட்டும்" என்கிறாராம்.

சகோதரி கேட்பது இதுதான்: "கொழும்புக்கு அனுப்பலாமா? அங்கே கஷ்டம் இருந்தாலும் பெரிய கம்பனி என்றால் நிரந்தரம்தானே?"

வாசகர்களே, இந்தக் கடைசி வார்த்தையில்தான் நாம் நின்று யோசிக்க வேண்டியிருக்கின்றது. எமது மக்கள் நிரந்தரம் என்றால் அரசாங்க உத்தியோகத்தைத்தான் நினைப்பார்கள். பிந்தினாலும் சம்பளம் வரும், அறுபது வயதில் ஓய்வூதியம் வரும் என்பது அவர்களது எண்ணம். கட்டடம் உயரமாகவும் கம்பனியின் பெயர் ஆங்கிலத்திலும் இருந்துவிட்டால் அதே உறுதி அங்கும் இருக்கும் என்று எண்ணிவிடுகின்றோம். ஓய்வூதியம் அங்கே கிடையாது. வேலையும் உத்தரவாதமானதல்ல.

உலகின் மிகப் பெரிய கம்பனிகளையே எடுத்துப் பாருங்கள். பேஸ்புக்கின் தாய்க் கம்பனியான மெட்டா 2022 நவம்பரில் 11,000 பேரை ஒரே அறிவிப்பில் வீட்டுக்கு அனுப்பியது. 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் மைக்ரோசொப்ட் 10,000 பேரையும் நீக்குவதாக அறிவித்தன. கூகுளின் தலைவராக இருப்பவர் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. தலைவர் தமிழர் என்பதால் எந்தத் தமிழ்ப் பிள்ளையின் வேலையும் தப்பிவிடவில்லை. இந்தியாவில் வேலை போகாத இடம் என்று பெற்றோர் நம்பியிருந்த டாட்டா கன்சல்டன்சி கம்பனி கூட 2025 ஜூலையில் சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாகக் கூறியது. இவற்றில் எதுவும் நட்டத்தில் மூழ்கிக்கொண்டிருந்த கம்பனி அல்ல.

கம்பனி அப்படியே இருந்தாலும் முதலாளி மாறிவிடுவதுண்டு. எமது நாட்டின் கதையையே பாருங்கள். 1996 இல் தொடங்கிய மிலேனியம் ஐடி கம்பனியை 2009 இல் லண்டன் பங்குச் சந்தை வாங்கியது. அதே 1996 இல் தொடங்கிய வர்ச்சுசா 2021 இல் ஒரு வெளிநாட்டு முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. 2005 இல் கொழும்பில் பிறந்து உலகெங்கும் பெயரெடுத்த டபிள்யூஎஸ்ஓடூ 2024 இல் சுவீடனின் ஈக்யூடி நிறுவனத்திடம் விற்கப்பட்டது. விற்பது குற்றமல்ல, சில வேளைகளில் ஊழியருக்கும் அதனால் நன்மை கிடைப்பதுண்டு. ஆனால் ஒருவரை நேர்முகப் பரீட்சையில் அமர்த்தி வேலைக்கு எடுத்தவர்கள், ஐந்து வருடங்களின் பின் அவரது தலைவிதியைத் தீர்மானிப்பவர்களாக இருக்க மாட்டார்கள் என்பது மட்டும் ஏறக்குறைய உறுதி.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, சகோதரி மகளின் நியமனக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடக் கூடாது! இனி மறுபக்கத்தைச் சொல்கின்றோம்.

பெரிய கம்பனி தருகின்ற முதல் நன்மை சம்பளமல்ல, பழக்கம். பல்கலைக்கழகத்தில் பிள்ளை ஒரு மென்பொருளைத் தனியாக எழுதுகின்றார். அது ஓடினால் புள்ளி கிடைக்கின்றது, அத்துடன் அது முடிந்துவிடுகின்றது. கம்பனியில் அவர் எழுதும் ஒவ்வொரு வரியையும் இன்னொருவர் வாசித்துப் பார்த்த பின்னரே ஏற்றுக்கொள்வார்கள். ஏன் இப்படி எழுதினாய், நாளை பத்தாயிரம் பேர் ஒரே நேரத்தில் இதனைப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். பரிசோதிப்பதற்கென்றே ஆட்கள் இருப்பார்கள். பிழை நடந்தால் அது எப்படி நடந்தது என்று எழுதி வைப்பார்கள். பத்து வருடத்துக்கு முன் யாரோ எழுதி வைத்த, யாருக்கும் சரியாக விளங்காத ஒரு பெரிய மென்பொருளுக்குள் புகுந்து, எதையும் உடைக்காமல் திருத்திவிட்டு வெளியே வருவதற்குப் பழக வேண்டும். இதை வகுப்பறையில் கற்பிக்க முடியாது. சம்பளமும் தந்து இதைக் கற்றுத் தருகின்ற இடம் பெரிய கம்பனி.

அடுத்தது மொழியும் துணிவும். வன்னிப் பிள்ளைகளின் கணித அறிவைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் ஆங்கிலத்தில் நடக்கும் கூட்டத்தில் வாய் திறக்காமல் இருந்துவிடுகின்றார்கள். மதிய உணவு மேசையில் பேச்சு சிங்களத்துக்கு மாறினால் தட்டோடு எழுந்து ஒரு மூலைக்குப் போய்விடுகின்றார்கள். அமைதியாக இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது என்று அங்கே முடிவு கட்டிவிடுவார்கள். இது அநியாயம்தான். ஆனாலும் ஓரிரு வருடம் அதற்குள் நின்று பிடித்த பிள்ளை பிறகு எந்த நாட்டவரோடும் பேசத் தயங்காது. எமது பெண் பிள்ளைகள் விடயத்தில் இதனை இன்னும் அழுத்திச் சொல்வோம்.

மூன்றாவது, ஒழுங்கான கணக்கு. மாத முடிவில் சம்பளம், மருத்துவக் காப்புறுதி, ஊழியர் சேமலாப நிதி. 2022 இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியதும், மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதும் உங்களுக்கு மறந்திருக்காது. அன்று டொலரில் சம்பாதித்த கம்பனிகள் ஜெனரேட்டரை ஓடவிட்டு வேலை செய்தன. உள்ளூர்க் கடைகளை நம்பியிருந்த சிறிய நிறுவனங்கள் பட்ட பாடு வேறு.

சரி, குறைகளுக்கு வருவோம். முதலாவதை இந்தச் சகோதரிக்கு விளங்கப்படுத்துவது இலகு. அவர் தையல்காரியின் மகள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உள்ள ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். ஒருத்தி கொலர் மட்டும் தைப்பாள், ஒருத்தி கைமுனை மட்டும். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் தைப்பாள். வேகத்தில் அவளை வெல்ல முடியாது. ஆனால் துணியைக் கொடுத்து ஒரு முழுச் சட்டை தைத்துத் தா என்றால் தடுமாறுவாள். சகோதரியின் உம்மாவோ அளவெடுப்பதிலிருந்து பொத்தான் கட்டுவது வரை அறிந்தவர். அதனால்தான் தண்ணீரூற்றில் தைத்தவரால் புத்தளத்திலும் தைக்க முடிந்தது. கடையை விட்டுவிட்டு வரச் சொன்னார்கள். தையலை யாராலும் பறித்தெடுக்க முடியவில்லை.

பெரிய மென்பொருள் கம்பனியிலும் கொலர் மட்டும் தைக்கும் ஆட்கள் உண்டு. யாரோ ஓர் அமெரிக்க வங்கியின் ஏதோ ஒரு பக்கத்தில் ஒரு பகுதியை மட்டும் மூன்று வருடமாகப் பராமரிப்பார்கள். அந்தக் கம்பனிக்குள் மட்டுமே பாவிக்கப்படும் கருவிகளில் தேர்ச்சி பெற்றிருப்பார்கள். வெளியே வந்தால் அந்தத் தேர்ச்சிக்கு விலை இல்லை. கணினிக்குச் சொல்லிவிட்டால் அதுவே மென்பொருள் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்ட இக்காலத்தில், கொலர் மட்டும் தைப்பவருக்குத்தான் ஆபத்து முதலில் வரும். ஆகவே மகள் உள்ளே போனதும் வருடத்துக்கொரு தடவையாவது குழு மாற்றிக் கேட்க வேண்டும். வாடிக்கையாளர் என்ன கேட்டார் என்பதிலிருந்து அது அவரது கையில் போய்ச் சேர்வது வரை முழு வேலையையும் காண வழி தேட வேண்டும். கேட்டால் மறுப்பார்களோ என்று பயப்படத் தேவையில்லை. கேட்காதவரைத்தான் ஒரே கதிரையில் மறந்துவிடுவார்கள்.

இரண்டாவது குறை நேரம். நியூயோர்க்கில் காலை ஒன்பது மணிக்கு ஒருவர் கதிரையில் அமரும்போது எமக்கு மாலை ஆறரை. அவர்களது குளிர்காலத்தில் ஏழரை. அவர்களது நாள் தொடங்கும்போதுதான் எமது கூட்டமும் தொடங்கும். மஃரிப் போய் இஷாவும் வந்துவிடும். லண்டன் வாடிக்கையாளர் என்றால் பிற்பகல் ஒன்றரை அல்லது இரண்டரை; அது பரவாயில்லை. எனவே "எந்த நாட்டுக்கு வேலை செய்கின்றீர்கள்?" என்பது சம்பளத்தைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி. இரவில் சேவை நின்றுவிட்டால் எழுந்து திருத்தும் முறை உண்டா, உண்டென்றால் மாதத்தில் எத்தனை இரவு, இரவு வேலை முடிந்தால் கம்பனி வாகனம் போடிங் வாசல் வரை கொண்டுவந்து விடுமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சகோதரியின் கணவர் தயங்குவது இதற்காகத்தான் என்றால் அந்தத் தயக்கம் நியாயமானது. பதில் திருப்தியாக இருந்தால் தயக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.

இப்போது நியமனக் கடிதத்தை எடுங்கள். வாசிக்காமல் கையொப்பம் வைப்பது எமது சமூகத்தின் பழைய வியாதி.

சேமலாப நிதிக்கு ஊழியரின் சம்பளத்தில் 8 வீதமும் கம்பனியின் பங்காக 12 வீதமும் செல்ல வேண்டும். நம்பிக்கை நிதியத்துக்குக் கம்பனி மேலும் 3 வீதம் கட்ட வேண்டும். ஒரு இலட்சம் ரூபாவுக்கு மாதம் 20,000 சேமலாப நிதியில் சேரும் என்று கணக்குப் போடலாம். ஆனால் அந்த ஒரு இலட்சத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, மற்றப் படிகள் எவ்வளவு, எந்தத் தொகைக்கு நிதி கட்டுகின்றார்கள் என்று பாருங்கள். கடிதத்தில் பெரிதாகத் தெரியும் தொகை முழுவதற்கும் கட்டுவார்கள் என்று நீங்களாகவே முடிவு செய்துவிடாதீர்கள். திருமணத்துக்காக வேலையை விட்டு விலகும் பெண்கள் இந்தப் பணத்தை முன்கூட்டியே எடுக்கச் சட்டம் இடம் கொடுக்கின்றது. எடுத்த பணம் எங்கே போகின்றது என்று பார்த்தால், பல வீடுகளில் அலுமாரிக்கும் சோபாவுக்கும்தான் போகின்றது.

பதினைந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்குப் பணிக்கொடை உண்டு; வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். நான்கு வருடம் பத்து மாதத்தில் கோபித்துக்கொண்டு விலகியவர் அதனை இழப்பார்.

அதைவிட முக்கியமான ஒன்று. 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பதினைந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனம் ஒன்று, முந்திய பன்னிரண்டு மாதங்களில் 180 நாட்களுக்குக் குறையாமல் வேலை செய்த ஊழியரை, ஒழுக்காற்றுக் காரணம் தவிர வேறு காரணத்துக்காக, அவரது எழுத்து மூலமான சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இன்றி நீக்க முடியாது. அமெரிக்காவில் ஒரு மின்னஞ்சலோடு வேலை போய்விடுகின்றது; எமது நாட்டில் சட்டப்படி அது அவ்வளவு இலகுவல்ல. ஆனால் "சம்மதம்" என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். ஒரு நாள் மாலை அறைக்குள் அழைத்து, நீங்களாகவே இராஜினாமா எழுதிக் கொடுத்தால் மரியாதையாகப் போகலாம் என்பார்கள். பிள்ளை அழுதுகொண்டே கையொப்பம் வைத்துவிடும். அந்தக் கையொப்பத்தோடு சட்டத்தின் பாதுகாப்பும் போய்விடும். எனவே இன்றே மகளிடம் சொல்லி வையுங்கள்: அப்படி ஒரு தாள் நீட்டப்பட்டால், வீட்டாரோடு பேசிவிட்டு நாளை தருகின்றேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வர வேண்டும். தொழில் திணைக்களம் என்று ஒன்று இருப்பதையும் மறக்க வேண்டாம்.

பயிற்சி தந்தோம், ஆகவே இத்தனை வருடத்துக்குள் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கின்றதா? வீட்டில் ஓய்வு நேரத்தில் செய்யும் வேலைக்கும் கம்பனி உரிமை கோருமா? இவற்றையும் பாருங்கள்.

சம்பளம் வந்தபின் நடப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே கம்பனிகளைவிட எம்மவர்கள் மீதுதான் எமக்குக் கோபம். பிள்ளை வேலைக்குப் போய் ஆறு மாதம் ஆகியிருக்காது. சம்பளச் சீட்டைக் காட்டி லீசிங்கில் வாகனம், தவணைக்கு வீட்டுச் சாமான், தம்பியின் வெளிநாட்டுப் படிப்புக்குக் கடன். இருபத்து நான்கு வயதுப் பிள்ளையின் தோளில் பத்து வருடத்துத் தவணை! பிறகு அந்தப் பிள்ளையால் அநியாயமான மேலதிகாரியிடம் "முடியாது" என்று ஒரு சொல் சொல்ல முடியுமா? வேலை போனால் வீடே ஆடிப்போகும். முதல் வருடத்தில் வேறெதுவும் வாங்குவதற்கு முன், ஆறு மாதச் செலவுக்குப் போதுமான பணத்தை மகளின் சொந்தக் கணக்கில் சேர்த்து வையுங்கள். மாதம் 150,000 ரூபாவைத் தாண்டும் சம்பளத்துக்கு வருமான வரியும் கழிக்கப்படும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

திருமணத் தரகர்களும் இப்போது கம்பனிப் பெயரை விலைப்பட்டியலாக்கிவிட்டார்கள். மாப்பிள்ளை இன்ன கம்பனி என்றால் கைக்கூலி இவ்வளவு. பெண் இன்ன கம்பனி என்றால் கைக்கூலியில் இவ்வளவு குறைத்துக்கொள்ளலாம், ஆனால் சம்பளம் எங்கள் கைக்கு வர வேண்டும்! மாப்பிள்ளையின் மஹர் எங்கே என்று கேட்க ஆளில்லை. 2023 ஜனவரியில் ஒரே நாளில் பன்னிரண்டாயிரம் பேரின் கம்பனிப் பெயர் கழன்று விழுந்ததைப் பார்த்த பிறகும் இப்படிப் பேரம் பேசுகின்றவர்களை என்னவென்பது!

வவுனியாவின் சிறிய நிறுவனத்தையும் நாம் இழிவாகச் சொல்லவில்லை. எட்டுப் பேர் இருக்கும் இடத்தில் மகள் முதல் மாதத்திலேயே வாடிக்கையாளரைச் சந்திப்பார், விலை பேசுவார், எழுதுவார், பழுது பார்ப்பார்; முழுச் சட்டை தைப்பார். ஆனால் அங்கே பிழை திருத்திக் கொடுக்க அனுபவமுள்ளவர் இருக்கின்றாரா என்பதுதான் கேள்வி. இல்லாவிட்டால் பிழையான தையலையே பழகிக்கொள்வார். சேமலாப நிதி கட்டுகின்றார்களா என்றும் கேளுங்கள். ஒருவரே வேலைக்கு இருந்தாலும் கட்ட வேண்டும் என்பது சட்டம். சிறியவர்கள் பலர் அதனை மறந்துவிடுகின்றார்கள்.

பெரிய வாப்பாவுக்கு மரியாதையோடு ஒன்று சொல்வோம். இத்துறையில் இரண்டு வருடம் கையை மடித்துக்கொண்டிருந்தால் படித்தது பழசாகிவிடும். அரசாங்க நியமனம் வந்தால் அப்போது யோசிக்கலாம்.

ஆகவே சகோதரி, எமது அபிப்பிராயம் கொழும்புக்கு அனுப்புங்கள் என்பதே. நிரந்தரம் என்ற எண்ணத்தோடு அனுப்ப வேண்டாம். மூன்று வருடம் சம்பளத்தோடு படிக்கப் போகின்றார் என்று எண்ணி அனுப்புங்கள். மூன்று வருடம் முடிய, கையில் என்ன தொழில் இருக்கின்றது என்று தாயும் மகளும் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். தொடர்ந்தும் கற்க இருந்தால் இருக்கட்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கணினியோடு வீட்டுக்கு வந்தவர்கள் பலர், இன்றும் வாரத்தில் சில நாட்கள் ஊரிலிருந்தே வேலை செய்கின்றார்கள். அனுபவம் உள்ளவருக்கு அந்தச் சலுகை கிடைக்கும். புதியவருக்குக் கிடைப்பது அரிது. அந்த அனுபவத்தோடு நெளுக்குளத்து வீட்டிலிருந்து வெளிநாட்டு வேலை செய்யவும் முடியும், வவுனியாவில் ஒன்பதாவது ஆளாகச் சேர்ந்து அந்தச் சிறிய நிறுவனத்தைப் பெரிதாக்கவும் முடியும்.

போடிங்கைப் பற்றி: மகளைத் தனியே அனுப்பி இடம் தேடச் சொல்லாமல், வாப்பா ஒரு தடவை கூடப் போய்ப் பார்த்து வரட்டும். பகலில் மட்டும் பார்த்தால் போதாது. இரவு எட்டு மணிக்கு அலுவலக வாசலிலிருந்து அந்த வீட்டுக்கு நடந்து பார்க்கட்டும்.

இன்னும் ஒன்று எஞ்சியிருக்கின்றது. நான்கு பக்கங்களையும் நாம் இரண்டு முறை வாசித்தோம். வாப்பா என்ன நினைக்கிறார், பெரிய வாப்பா என்ன சொல்கிறார், அயலவர் என்ன கேட்கிறார்கள் என்பதெல்லாம் இருக்கின்றது. மகளுக்கு எது விருப்பம் என்று ஒரு வரியும் இல்லை. பதில் அனுப்ப வேண்டிய கடைசித் தேதி நெருங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். இன்றிரவே அவரிடம் கேளுங்கள்.